ஸ்மால் பிளாக் செவ்ரோலெட் எஞ்சினுக்குப் புதிய இன்டேக் மேனிஃபோல்டு பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்மால் பிளாக் செவ்ரோலெட் வி8 எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டு சிலிண்டர் ஹெட்களுக்கும் நடுவே ஓர் ஆப்பு போல இறங்கி உட்காருகிறது. கார்புரேட்டர் கலந்து தரும் காற்றையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டர்களுக்குப் பங்கிடுவதோடு அதன் வேலை முடிவதில்லை. ஹெட்களிலிருந்து வரும் கூலன்ட் அதன் வழியாகத்தான் தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. வால்வுகளைத் திறக்க உதவும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்துக்கு அதுவே மூடி. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதன் துளை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. காற்று, கூலன்ட், எண்ணெய் மூன்றையும் ஒரே வார்ப்பு ஒழுகாமல் அடைத்துவைக்க வேண்டும். ஆப்பு கோணலாக உட்கார்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல கேஸ்கெட் (இரு முகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தாள்) போட்டாலும் எவ்வளவு இறுக்கினாலும் எங்காவது ஒரு மூலை ஒழுகும். ஆகவே போல்ட் இறுக்கும் கட்டத்தைவிட, சீலன்ட் தடவுவதற்கு முன்பு வெறுமனே வைத்துப் பார்க்கும் சோதனைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கீழே சொல்வதெல்லாம் 1955 முதல் 1986 வரை வந்த 265, 283, 327, 350 கன அங்குல எஞ்சின்களை மனதில் வைத்துச் சொல்வது. இவற்றில் மேனிஃபோல்டைப் பிடிப்பவை 12 போல்ட்கள். 1987 முதல் வந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் நடுவிலுள்ள நான்கு போல்ட்களின் கோணம் மாறிவிட்டது. 1996இல் வந்த வோர்டெக் ஹெட்களில் போல்ட்களே எட்டுதான். பழைய காரில் பிற்கால எஞ்சினோ ஹெட்டோ ஏறியிருப்பது சாதாரணம். எனவே மேனிஃபோல்டு வாங்கும் முன்பே ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் படித்துவிடுங்கள். வால்வு கவரைக் கழற்றினால் அந்த எண் ராக்கர்களுக்கு இடையில் தெரியும். வால்வு கவரின் போல்ட்கள் விளிம்பில் இல்லாமல் நடுவில் வரிசையாக இருந்தால், அது 1987க்குப் பிந்தைய வகை ஹெட் என்று சந்தேகப்படுங்கள்.

எந்த மேனிஃபோல்டு

சாலையில் ஓடும் காருக்கு டூயல் பிளேன் வகைதான் சரி. அதில் கார்புரேட்டருக்குக் கீழேயுள்ள அறை இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் நான்கு சிலிண்டர்களுக்கு மாறி மாறிக் கலவையைத் தருகிறது. பாதை நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் குறைந்த வேகத்திலும் கலவை வேகமாகப் பாய்கிறது. பெடலைத் தொட்டதுமே இழுவை கிடைக்கிறது. சிங்கிள் பிளேன் வகையில் எட்டுக்கும் ஒரே பொது அறை. அதன் பலன் உயர் சுழற்சியில்தான் தெரியும். எடல்ப்ராக் நிறுவனத்தின் வரிசையைப் பார்த்தாலே இது புரியும்: பெர்ஃபார்மர் ஐடிலிலிருந்து 5500 ஆர்பிஎம் வரைக்கும், பெர்ஃபார்மர் ஆர்பிஎம் 1500 முதல் 6500 வரைக்கும், சிங்கிள் பிளேன் வகையான விக்டர் ஜூனியர் 3500 முதல் 8000 வரைக்கும். கேம்ஷாஃப்ட், பின் ஆக்சில் விகிதம் எதையும் மாற்றாமல் விக்டர் ஜூனியர் போட்டால் கார் முன்பைவிடச் சோம்பலாகத்தான் ஓடும்.

கார்புரேட்டர் அளவிலும் பெரிதாகப் போகத் தேவையில்லை. கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால், எஞ்சின் இழுக்கக்கூடிய காற்று நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது கிடைக்கும். 350 எஞ்சினுக்கு 5500 ஆர்பிஎம்மில் அது 557. சாதாரண எஞ்சின் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் சுமார் 473. ஆக 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி) கார்புரேட்டரே தாராளம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டருக்கு ஸ்ப்ரெட் போர் தளம் (முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் பெரியவை) வேண்டும். ஹோலி 4150 போன்றவற்றுக்கு ஸ்கொயர் போர் தளம் (நான்கு துளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு). இரண்டும் பொருந்தாமல் அடாப்டர் தட்டு போட்டால் உயரம் கூடும், பானெட் இடிக்கும். உயரத்தை முன்கூட்டியே சோதிக்க, இப்போதுள்ள ஏர் கிளீனரின் மேல் நான்கு இடங்களில் களிமண் உருண்டை வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி நிற்கும் உருண்டையின் தடிமன்தான் இப்போதுள்ள இடைவெளி. புதிய மேனிஃபோல்டு எவ்வளவு உயரம் கூட்டுகிறது என்பதை அதில் கழித்தபின் 20 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். எஞ்சின் சுமை ஏறும்போது மவுன்டின் மேல் ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் இந்த இடம்.

1960களின் எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் ஊற்றும் குழாய் மேனிஃபோல்டின் முன்பக்கம் இருக்கும். வால்வு கவரில் துளையே இருக்காது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு, குழாய் வைக்க இடமுள்ள மேனிஃபோல்டை வாங்குங்கள். இல்லையென்றால் துளையுள்ள வால்வு கவர்களையும் சேர்த்து வாங்குங்கள். சோக்கின் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் கார்புரேட்டர் மூடி) வெப்பச் சுருள் பழைய மேனிஃபோல்டின் குழியில் உட்கார்ந்திருந்தால், புதியதில் அந்தக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரிக் சோக் தேவை. இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றின் பிராக்கெட்கள் எந்த மேனிஃபோல்டு போல்ட்டில் தொங்குகின்றன என்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இரும்பு அல்லது கலவை நடுத்தகடுள்ள இன்டேக் கேஸ்கெட் செட் ஒன்று. எண்ணெய் தாங்கும் ஆர்.டி.வி (அறை வெப்பத்திலேயே இறுகும்) சிலிக்கான் சீலன்ட் ஒரு குழாய். கேஸ்கெட் ஒட்டும் பசை. மரைக்கான திரவ சீலன்ட். மேனிஃபோல்டு தயாரிப்பாளர் சொல்லும் நீளத்தில் 3/8-16 மரையுள்ள (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை) 12 போல்ட்கள், தடித்த வாஷர்களோடு. தலையை அறுத்து எடுத்த நான்கு 3/8-16 நீளப் போல்ட்கள். இவை வழிகாட்டிக் கம்பிகளாகப் பயன்படும். புதிய தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், டிஸ்ட்ரிபியூட்டர் அடிக் கேஸ்கெட், கார்புரேட்டர் கேஸ்கெட், வால்வு கவர் கேஸ்கெட். கூலன்ட். எண்ணெய் சுமார் 4.7 லிட்டர், ஆயில் ஃபில்டர் ஒன்று. கருவிகளில் டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நேர்விளிம்புச் சட்டம், டைமிங் லைட், வேக்குவம் கேஜ் ஆகியவை கட்டாயம். பெட்ரோல் வேலை என்பதால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எண்ணெயை ஏன் பட்டியலில் சேர்த்தோம் என்றால், மேனிஃபோல்டைத் தூக்கும்போது ஹெட்டில் தேங்கிய கூலன்ட் கொஞ்சமாவது லிஃப்டர் பள்ளத்தில் விழும். அது நேராக ஆயில் பேனுக்குள் போகும். கூலன்ட் கலந்த எண்ணெயில் பேரிங்குகள் சீக்கிரம் கெட்டுப்போகும். எண்ணெய் நேற்றுத்தான் மாற்றியது என்றாலும், எஞ்சினை ஓட்டுவதற்கு முன் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

கழற்றுவது

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து கூலன்டை வடியுங்கள். பிளாக்கின் இரு பக்கமும் ஆயில் பேனுக்குச் சற்று மேலே உள்ள வடிகால் அடைப்புகளையும் திறந்தால் ஹெட்களில் தேங்குவது வெகுவாகக் குறையும். பழைய எஞ்சினில் அந்த அடைப்புகள் துருவேறி அசையாமல் நின்றால் உடைத்துவிட வேண்டாம்; விட்டுவிடுங்கள்.

வேக்குவம் குழாய்கள் ஒவ்வொன்றிலும் இரு முனையையும் பெயரெழுதி ஒட்டுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் முனையை அடையுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள், டிரான்ஸ்மிஷன் கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்பதைப் படமெடுங்கள். பிறகு கார்புரேட்டரை எடுத்துவிடலாம்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். இங்கே காட்டும் பொறுமை பின்னால் பெரிதும் உதவும். கிராங்க்ஷாஃப்டை ஓடும் திசையில் கையால் சுற்றி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். முதல் சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் முன்னால் இருப்பது. அமெரிக்கக் கார்களில் அது இடப்பக்கம். கிராங்க்ஷாஃப்டின் முன்முனையிலுள்ள பேலன்சரின் கோடு பூஜ்யத்தில் நிற்கும்போது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் பிளக் வயரின் முனையைக் காட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் காட்டினால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ரோட்டர் காட்டும் இடத்தை டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் குறியுங்கள். உடலும் ஃபயர்வாலும் நேராகும் இடத்தில் இன்னொரு குறி. பிடிப்பானைக் கழற்றி மேலே இழுக்கும்போது, அடியிலுள்ள பற்சக்கரம் சாய்வுப் பல்லுடையது என்பதால் ரோட்டர் கொஞ்சம் திரும்பும். முழுவதும் விடுபடும் இடத்தில் ரோட்டர் எங்கே நிற்கிறதோ அங்கே மூன்றாவது குறி வையுங்கள். திரும்ப இறக்கும்போது இந்த மூன்றாவது குறியிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்வரை எஞ்சினை யாரும் சுற்றிவிடக் கூடாது.

 

இனி 12 போல்ட்கள். கார்புரேட்டர் தளத்தின் நிழலில் மறைந்து நிற்கும் நடுப் போல்ட்களை மறந்துவிட்டு மேனிஃபோல்டை நெம்பி உடைப்பது அடிக்கடி நடக்கிறது. 12ஐயும் எண்ணி மேசையில் வைத்த பிறகே நெம்புங்கள். முன் மூலையில், பிளாக்கின் விளிம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கம்பியை விடுங்கள். ஹெட்டின் கேஸ்கெட் முகத்தில் எந்தக் கருவியும் படவே கூடாது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு கனமானது. ஃபெண்டர் மேல் சாய்ந்தபடி தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது

தூக்கிய உடனே பள்ளத்தில் விழுந்த கூலன்டைத் துணியால் உறிஞ்சி எடுங்கள். எட்டு போர்ட்களிலும் துணி அல்லது தாள் அடையுங்கள். எத்தனை அடைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். லிஃப்டர் பள்ளம் முழுவதையும் பெரிய துணியால் மூடி, விளிம்புகளை டேப்பால் ஒட்டுங்கள்.

பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் கேஸ்கெட் கரைப்பானாலும் எடுங்கள். சுழலும் தேய்ப்பு வட்டுகளை இங்கே கொண்டுவர வேண்டாம். நிமிடத்தில் வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் அதிலிருந்து உதிரும் தேய்ப்புத் தூள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அறுத்துவிடும். கடைசியில் ஹெட் முகங்களையும் பிளாக்கின் முன், பின் விளிம்புகளையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. பின் விளிம்பு கண்ணுக்கு நேராகத் தெரியாது என்பதால் பெரும்பாலும் அங்கேதான் துடைப்பது குறைகிறது, ஒழுகுவதும் அங்கேதான்.

ஹெட்டிலுள்ள 12 மரைத் துளைகளிலும் 3/8-16 மரை வெட்டும் டேப் கருவியைக் கையால் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். துளையில் அழுக்கோ எண்ணெயோ இருந்தால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும்: போல்ட் உராய்வில் நின்றுவிடும், கேஸ்கெட் இறுகியிருக்காது.

புதிய மேனிஃபோல்டையும் நம்பி அப்படியே வைக்காதீர்கள். வார்ப்பு மணல் உள்ளே ஒட்டியிருக்கலாம். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தூரிகையால் ஒவ்வொரு பாதையையும் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். இரு முகங்களிலும் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல் பொருத்தக் கூடாது.

சீலன்ட் இல்லாமல் வைத்துப் பார்ப்பது

கேஸ்கெட்களை ஹெட்கள் மேல் பசையின்றி வையுங்கள். தலை அறுத்த நான்கு போல்ட்களை நான்கு மூலைகளிலும் விரலால் திருகி நிறுத்துங்கள். அவற்றின் வழியே மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள். போல்ட் எதுவும் இறுக்க வேண்டாம். இப்போது நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, போல்ட் துளைகள். டார்ச் அடித்து ஒவ்வொரு துளை வழியாகவும் பாருங்கள். ஹெட்டின் மரைத் துளை நடுவில் தெரிந்தால் நல்லது. எல்லாத் துளைகளிலும் அது கீழே தள்ளித் தெரிந்தால் மேனிஃபோல்டு உயரமாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினுக்கு முன்பு எப்போதோ மறுவேலை நடந்து ஹெட்டோ பிளாக்கோ செதுக்கப்பட்டிருந்தால் ஹெட்கள் கீழிறங்கி ஒன்றையொன்று நெருங்கும். நடுவிலுள்ள ஆப்பு மேலே ஏறும். எல்லாம் மேலே தள்ளித் தெரிந்தால் மேனிஃபோல்டு தாழ உட்கார்ந்திருக்கிறது. தடித்த கேஸ்கெட் தேவைப்படலாம். கேஸ்கெட்கள் வழக்கமாக 0.060 அங்குலத்திலும், அதைப்போல் இருமடங்கான 0.120 அங்குலத்திலும் கிடைக்கும். மெல்லிய கேஸ்கெட் போட்டும் உயரமாகவே உட்கார்ந்தால், மேனிஃபோல்டு முகத்தைச் செதுக்க மெஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். துளையை அகலமாக்கிப் போல்ட்டை நுழைத்துவிடலாம். ஆனால் போர்ட்கள் பொருந்தாமலேயே இருக்கும்.

இரண்டாவது, கோணம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மேனிஃபோல்டு முகத்துக்கும் கேஸ்கெட்டுக்கும் நடுவே மேல் விளிம்பில் ஃபீலரை விட்டுப் பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் கைபோகும் இடத்தில் கீழ் விளிம்பிலும் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே இறுகி, கீழே 0.15 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கேஸ்கெட்டின் அடிப்பகுதி நசுங்காது. அந்த இடம் லிஃப்டர் பள்ளத்தின் பக்கம். எஞ்சின் அங்கிருந்து எண்ணெய் ஆவியை உறிஞ்சும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. இந்தக் குறையைச் சீலன்ட் தடவி மறைத்தால் ஒரு மாதம் ஓடும், பிறகு புகையும்.

மூன்றாவது, முன், பின் விளிம்பு இடைவெளி. பிளாக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருபுறமும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 3 முதல் 6 மில்லிமீட்டர் என்றால் சிலிக்கான் தாங்கும். உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டு நின்றால் மேனிஃபோல்டு ஹெட் முகத்தை எட்டாமலேயே தொங்கும்; எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

நான்காவது, டிஸ்ட்ரிபியூட்டர் ஆழம். மேனிஃபோல்டு தாழ்ந்து உட்கார்ந்திருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் காலர் மேனிஃபோல்டைத் தொடுவதற்கு முன்பே அதன் அடிமுனை எண்ணெய் பம்ப் தண்டை அழுத்தத் தொடங்கும். அந்த நிலையில் பிடிப்பானை இறுக்கினால் பற்சக்கரமும் பம்பும் தேயும். அடிக் கேஸ்கெட்டோடு வைத்து, கையால் அழுத்தாமலேயே காலர் முழுவதும் படிகிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் ஏற்றி இறக்கும் காலருள்ள டிஸ்ட்ரிபியூட்டர் தேவை.

நான்கும் சரியென்றால் எல்லாவற்றையும் திரும்பத் தூக்கிவிடுங்கள்.

ஒட்டி இறக்குவது

கேஸ்கெட் செட்டோடு முன், பின் விளிம்புகளுக்கென்று கார்க் அல்லது ரப்பர் பட்டைகள் வரும். அவற்றை எடுத்துக் குப்பையில் போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. மேனிஃபோல்டு இறங்கும்போது அவை வழுக்கி வெளியே வந்துவிடும். சில இடங்களில் அதிகத் தடிமனால் மேனிஃபோல்டையே தாங்கிப் பிடிக்கும். சிலிக்கான் கோடு மட்டும் போதும்.

நடுவிலுள்ள வெப்பப் பாதை பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வாயு ஹெட்டின் நடுத்துளை வழியாக மேனிஃபோல்டுக்குள் வந்து கார்புரேட்டரின் அடியைச் சூடாக்கும். தகடு வைத்து அதை அடைத்தால் கலவை குளிர்ச்சியாகச் சென்று கொஞ்சம் சக்தி கூடும். ஆனால் குளிர் நாளில் எஞ்சின் சூடேற நேரமாகும், பெடலை மிதித்தால் திணறும், வெப்பச் சுருள் சோக்கும் திறக்காது. தினமும் ஓட்டும் காருக்குத் திறந்தே விடுங்கள்.

கேஸ்கெட்டின் ஹெட் பக்கத்தில் பசை தடவி, போல்ட் துளைகளை நேர்ப்படுத்தி ஒட்டுங்கள். நான்கு மூலைகளிலுள்ள கூலன்ட் துளைகளைச் சுற்றி, கேஸ்கெட்டின் இரு பக்கமும் மெல்லிய சிலிக்கான் படலம் மட்டும் விரலால் தடவுங்கள். காற்று போர்ட்களைச் சுற்றிச் சிலிக்கான் வேண்டாம். பெட்ரோல் அதைக் கரைத்துவிடும்.

பிளாக்கின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு கோடு. இடைவெளி அளவில் நீங்கள் கண்டதைவிடக் கோடு சற்றே உயரமாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் அது கேஸ்கெட்டின் மேல் 12 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். விளிம்பும் கேஸ்கெட்டும் சந்திக்கும் அந்த நான்கு மூலைகள்தான் எண்ணெய் கசிவுக்குப் பிறப்பிடம். அதற்காகக் குழாயைப் பிதுக்கிக் கொட்டிவிடவும் கூடாது. உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் ஒருநாள் உதிர்ந்து எண்ணெய் பம்பின் வலையை அடைக்கும்.

இதற்கு முன்பே போர்ட்களில் அடைத்த துணிகளை எடுத்து, எழுதிவைத்த எண்ணோடு சரிபார்த்திருக்க வேண்டும். பள்ளத்துத் துணியையும் எடுத்துவிட்டீர்களா?

சிலிக்கானின் மேல்தோல் லேசாகக் காயும்வரை, அதாவது 5 முதல் 10 நிமிடம் விட்டு, வழிகாட்டிக் கம்பிகள் வழியாக மேனிஃபோல்டை ஒரே முறையில் நேராக இறக்குங்கள். இறங்கிய பிறகு முன்னும் பின்னும் நகர்த்தக் கூடாது. கோணலாக விழுந்துவிட்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கி, சிலிக்கானை முழுவதும் துடைத்து, மறுபடி தொடங்குங்கள்.

இறுக்கும் முறை

ஹெட்டின் துளைகளில் சில உள்ளே எண்ணெய்ப் பகுதிக்குத் திறந்திருக்கும். மரை வழியாக எண்ணெய் ஏறி மேலே வந்து கசியும். எனவே 12 போல்ட்களுக்கும் மரை சீலன்ட் தடவுங்கள். எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். விரலால் திரும்பாத போல்ட் மரை மாறி ஏறுகிறது. ஸ்பானரால் வற்புறுத்த வேண்டாம்.

நடு நான்கு போல்ட்களில் தொடங்கி, எதிரெதிர்ப் பக்கமாகக் குறுக்கே மாறி மாறி, பிறகு வெளியே போக வேண்டும். மூலையில் தொடங்கினால் மேனிஃபோல்டு ஒரு பக்கம் இறுகி நடுவில் தூக்கி நிற்கும். முதல் சுற்று 10 ஃபுட்-பவுண்டு, அதாவது சுமார் 14 நியூட்டன்-மீட்டர். இரண்டாவது சுற்று 18 ஃபுட்-பவுண்டு, சுமார் 24. மூன்றாவது சுற்று 25 ஃபுட்-பவுண்டு, சுமார் 34. எடல்ப்ராக் அலுமினிய மேனிஃபோல்டுக்குச் சொல்வது இந்த 25தான். வார்ப்பிரும்புக்குப் பழைய தொழிற்சாலை அளவு 30. உங்கள் மேனிஃபோல்டின் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு போல்ட்டை இறுக்கியதும் பக்கத்துப் போல்ட் தளரும்; ஆப்பின் குணமே அது. ஆகவே அதே 25இல், எந்தப் போல்ட்டும் அசையாத நிலை வரும்வரை சுற்றிச் சுற்றி வாருங்கள். நான்கைந்து சுற்றுகள் ஆகலாம்.

சிலிக்கான் முழுவதும் இறுக 24 மணி நேரம் விடுங்கள்.

மேலே உள்ளவற்றை மாட்டுவது

வெப்பமானி சென்சாருக்கு மரை நாடா தடிமனாகச் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சென்சார் மரை வழியாகத்தான் கிரவுண்ட் ஆகிறது. திரவ சீலன்ட் கொஞ்சம் போதும். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அதன் தட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு மேல்பக்கம் வரும்படி வைத்தால் அடைபட்ட காற்று வெளியேறும்.

டிஸ்ட்ரிபியூட்டரை மூன்றாவது குறியில் ரோட்டர் நிற்கும்படி இறக்குங்கள். உட்காரும்போது அது முதல் குறிக்குத் திரும்பும். கடைசிச் சிறு இடைவெளி இறங்க மறுத்தால் எண்ணெய் பம்ப் தண்டின் பிளவு பொருந்தவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரால் தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி முயலுங்கள். பிடிப்பானை இறுக்கி இழுத்து உட்கார வைப்பது கூடவே கூடாது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ரோட்டர் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றும்.

கார்புரேட்டர் நட்களுக்கு 60 முதல் 80 இன்ச்-பவுண்டு போதும், அதாவது 7 முதல் 9 நியூட்டன்-மீட்டர். அதற்கு மேல் போனால் அடித்தட்டு வளைந்து திராட்டில் சிக்கும். பவர் பிரேக்கின் பெரிய குழாய் மேனிஃபோல்டிலோ கார்புரேட்டர் அடியிலோ உள்ள பெரிய முனைக்கு, பி.சி.வி வால்வும் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) பெரிய முனைக்கு. டர்போ 350 ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனின் மாடுலேட்டருக்கு (வேக்குவத்தைக் கொண்டு கியர் மாற்றத்தைச் சீராக்கும் பகுதி) எப்போதும் வேக்குவம் உள்ள முனை வேண்டும். பயன்படாத முனைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி.

டிரான்ஸ்மிஷன் கேபிள் விஷயத்தில் 700-ஆர்4 ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் வைத்திருப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். டர்போ 350இன் கேபிள் வேகமாக மிதிக்கும்போது கியரை இறக்க மட்டுமே. 700-ஆர்4இன் கேபிளோ உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. கார்புரேட்டர் மாறியதால் கேபிள் இழுபடும் வடிவியல் மாறிவிட்டால், அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் சீக்கிரமே கருகும். அந்தக் கார்புரேட்டருக்கான திருத்தத் தட்டைப் போட்டு, கேபிளைச் சரிசெய்யும் வரை காரைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இக்னிஷன் அணைந்த நிலையில் ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, திராட்டில் முழுவதும் திறக்கிறதா, விட்டதும் தானே பட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுவது நல்லது.

முதல் ஓட்டம்

பழைய எண்ணெயை வடித்து ஃபில்டரோடு மாற்றுங்கள். கூலன்டை நிரப்புங்கள். கார்புரேட்டரின் காற்றுத் துளை வழியாகக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் ஸ்டார்ட்டரை நெடுநேரம் இழுக்க வேண்டியிருக்காது. சுற்றும்போது கார்புரேட்டர் வழியாகத் தீ கக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி தவறி உட்கார்ந்திருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் முன், பின் விளிம்புகளைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் வையுங்கள். சாதாரண கேம் உள்ள எஞ்சினுக்கு 8 முதல் 12 டிகிரி நல்ல தொடக்கம். சூடேறிய பின் ஐடிலில் வேக்குவம் கேஜ் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்ட வேண்டும். ஐடில் ஸ்க்ரூவை எவ்வளவு குறைத்தும் வேகம் இறங்கவில்லை, முள் தாழ்ந்து நடுங்குகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது. பற்றவைக்காத புரொப்பேன் வாயுவைச் சிறு குழாயால் கேஸ்கெட் விளிம்பு ஓரமாக விட்டுப் பாருங்கள். வேகம் மாறும் இடம்தான் ஓட்டை. இதைச் செய்யும்போது காற்றோட்டம் வேண்டும், தீப்பொறி எதுவும் அருகில் கூடாது.

வெளியே ஒன்றும் அகப்படாமல், பெடலை விட்டதும் நீலப்புகை வந்தால் உள்பக்கக் கசிவைச் சந்தேகியுங்கள். பி.சி.வி வால்வைக் கழற்றி அதன் துளையையும், மற்ற மூச்சுத் துளைகளையும் அடையுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். நல்ல எஞ்சினில் தாள் மெல்ல உப்பும். உள்ளே இழுபட்டால், இன்டேக் போர்ட் லிஃப்டர் பள்ளத்திலிருந்து உறிஞ்சுகிறது. போல்ட்டை இன்னும் இறுக்கிப் பயனில்லை. கழற்றிக் கோணத்தை மறுபடி அளக்க வேண்டும்.

முதல் முறை முழுவதும் சூடாகி, இரவு முழுவதும் ஆறிய பிறகு 12 போல்ட்களையும் அதே வரிசையில் 25க்குச் சரிபாருங்கள். கேஸ்கெட் படிந்திருப்பதால் பெரும்பாலும் சில கொஞ்சம் திரும்பும். அடுத்த சில நாட்கள் காரை நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டை விரித்துவையுங்கள். எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவே எண்ணெய் சொட்டினால் ரியர் மெயின் சீல் (கிராங்க்ஷாஃப்டின் பின்முனை எண்ணெய் அடைப்பு) போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மேனிஃபோல்டின் பின் விளிம்பிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலிருந்தோ வழியும் எண்ணெயும் பிளாக்கின் பின்முகத்தில் இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். அங்கே மேலேயிருந்து டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். மேலே ஈரம் இருந்தால் கசிவும் மேலேதான்.